கடன் சிறையும் ஒரு சிறுவனும்

1824-ம் ஆண்டு. கடனைக் கட்ட முடியாத ஜான் டிக்கன்ஸ், லண்டன் மார்ஷல்ஸி சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய மகன் சார்லசுக்கு வயது 12. எலிகள் ஓடும் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டினான். வாரக் கூலி 6 ஷில்லிங்!

தந்தை விடுதலையானார். அதன் பிறகும் மகன் வேலைக்குப் போகட்டும் என்றே தாய் விரும்பினார். அந்தப் பிஞ்சு நெஞ்சில் விழுந்த வடு கடைசி வரை ஆறவில்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். பெற்ற பிள்ளைகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. ஆனால் பேனா மறைக்குமா? 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலில் கூலிக்கு உழைக்கும் சிறுவன் வந்தான். 'லிட்டில் டாரிட்' நாவலில் அதே சிறைச்சாலை வந்தது. 1858-ல் ஏழைக் குழந்தைகளின் மருத்துவமனைக்காக மேடையேறிப் பேசி நிதி திரட்டினார்.

1870-ல் டிக்கன்ஸ் மறைந்தார். நண்பர் பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பிறகுதான், அந்தச் சிறுவன் யார் என்று உலகம் அறிந்தது.