ஜான் கிரியர்சன்: புரவலரைத் தேடிய கலைஞர்

புலவர்க்குப் புரவலர் வேண்டும் என்பது தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே அறிந்த உண்மை. புரவலர் முன் தன்மானம் குன்றாமல் நிற்பது எவ்வாறு என்னும் வினாவும் அதே அளவு பழமையானது. தம்மை நேரிற் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனார் அவ்வினாவுக்குப் புறநானூற்றில் ஒரு விடை தந்தார். முடியாட்சிகள் மறைந்த இருபதாம் நூற்றாண்டில் அதே வினா புதிய வடிவில் எழுந்தது. பாட்டெழுத ஓலையும் எழுத்தாணியும் போதும். திரைப்படத்துக்கோ கருவிகளும் ஆட்களும் பெரும்பொருளும் வேண்டும். வணிகர் இடும் பணம் இலாபத்தை எதிர்நோக்கும். இலாபம் தராதனவாயினும் நாட்டுக்கு வேண்டியனவாகிய படங்களுக்குப் புரவலர் யார்? மக்களின் வரிப்பணமே என்று விடை கூறி, அவ்விடைக்கு நிறுவன வடிவம் கொடுப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜான் கிரியர்சன். ஆவணப்பட இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர் முழுமையாக இயக்கிய படம் ஒன்றே எனலாம். பிறர் படமெடுப்பதற்காக அவர் எழுப்பிய அமைப்புகளோ பல.

பள்ளியாசிரியரின் மகன்

கிரியர்சன் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். ஆசிரியப் பணி புரிந்த தாயார் பெண்களின் வாக்குரிமைக்காகவும் தொழிலாளர் நலனுக்காகவும் குரல் கொடுத்தவர். ஸ்டர்லிங் நகரை அடுத்த கேம்பஸ்பாரன் என்னும் ஊரில், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை அருகிருந்து பார்த்துச் சிறுவர் வளர்ந்தார். கல்வி என்பது எளியவர்க்குச் செய்யும் கடமை என்னும் எண்ணம் அவ்வீட்டில் வேரூன்றியது. அவருடைய தங்கையரான ரூபியும் மேரியனும் பின்னாளில் திரைப்படத் துறைக்கே வந்தனர்.

முதல் உலகப்போரில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் தந்தியாளராகப் பணியாற்றினார். கடலையும் கடலோடிகளையும் அவர் அறிந்தது அப்போதுதான். போருக்குப் பின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1923-இல் பட்டம் பெற்றார். 1924-இல் ராக்ஃபெல்லர் ஆய்வு உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்றார். அங்கே, வால்டர் லிப்மன் என்னும் சிந்தனையாளர் எழுப்பியிருந்த ஐயம் அவரை ஆட்கொண்டது. இன்றைய சமுதாயம் மிகவும் சிக்கலானது. சாதாரணக் குடிமகன் அதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க இயலுமா என்பதே அவ்வையம். குடிமகனால் இயலும், ஆனால் செய்தியைக் கதைபோல் உயிரூட்டிக் காட்டவேண்டும் என்று கிரியர்சன் கருதினார். அதற்கு ஏற்ற கருவி திரைப்படமே என்று துணிந்தார். 1926-இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் மோனா என்னும் படத்துக்கு நியூயார்க் நாளிதழொன்றில் மதிப்புரை எழுதியபோது, ஆவணத் தன்மை என்னும் பொருள்படும் சொல்லை அவர் ஆண்டார். பின்னர் ஒரு கலைவகைக்கே அது பெயராயிற்று.

மீனும் கருவூலமும்

1927-இல் நாடு திரும்பிய கிரியர்சன், பேரரசின் விளைபொருள்களை மக்களிடம் விளம்பரப்படுத்த நிறுவப்பட்டிருந்த எம்பயர் மார்க்கெட்டிங் வாரியத்தில் சேர்ந்தார். அதன் செயலாளர் ஸ்டீபன் டாலண்ட்ஸ் கலையார்வமுள்ள அதிகாரி. இருவரும் ஒரு படம் எடுக்க விரும்பினர். கருவூலத் துறையோ பணம் தரத் தயங்கியது. அத்துறையின் நிதிச் செயலாளராயிருந்த ஆர்தர் சாமுவேல், ஹெர்ரிங் மீனின் வரலாற்றைப் பற்றி நூலெழுதியவர். எனவே ஹெர்ரிங் மீன்பிடித்தலே படத்தின் பொருளாயிற்று. புரவலரின் உள்ளம் அறிந்து பாடும் பழந்தமிழ்ப் பாணரின் நுட்பம் இங்கே நினைவுக்கு வருதல் இயல்பே.

ஆனால் படைப்பு புரவலரின் விருப்பத்தோடு நின்றுவிடவில்லை. வடகடலில் வலைவீசும் மீனவரின் கைகளும் முகங்களும் கப்பலின் இயந்திரங்களும் டிரிஃப்டர்ஸ் என்னும் அப்படத்தில் காவிய மாந்தரைப்போல் எழுந்து நின்றன. உழைப்பாளர் பெரும்பாலும் நகைப்புக்குரிய துணைப்பாத்திரங்களாகவே வந்துகொண்டிருந்த பிரித்தானியத் திரையில் இது புதுமை. 1929-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் லண்டன் ஃபிலிம் சொசைட்டியில், ஐசன்ஸ்டைனின் போர்க்கப்பல் பொட்டெம்கின் படத்துடன் அது திரையிடப்பட்டுப் பெரும்பாராட்டைப் பெற்றது.

வேறொருவராயின் அப்புகழைக் கொண்டு அடுத்தடுத்துப் படங்களை இயக்கியிருப்பார். கிரியர்சன் அவ்வாறு செய்யவில்லை. 1930 முதல் இளைஞர்களைத் திரட்டி ஒரு திரைப்படப் பிரிவை உருவாக்குவதில் முனைந்தார். பேசில் ரைட், ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி, ஸ்டூவர்ட் லெக் முதலியோர் அப்பட்டறையில் உருவானவர்கள். ஊதியம் குறைவு. ஆனால் வாரக்கூலிக்கு உழைத்த அவ்விளைஞர்கள் வணிகப் படநிலையங்களில் கிட்டாத ஒன்றைப் பெற்றனர்: கற்றுக்கொள்ளவும் பிழைபடவும் இடம்.

அஞ்சல் துறையில் கவிஞர்

1933-இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டது. திரைப்படப் பிரிவும் உடன் மடியவேண்டிய நிலையில், டாலண்ட்ஸ் தாம் மாறிச்சென்ற அஞ்சல் துறைக்கு அதனையும் கொண்டுசென்றார். கடிதம் சுமக்கும் துறை கலையையும் சுமக்கலாயிற்று. 1936-இல் வெளிவந்த நைட் மெயில், லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவெல்லாம் ஓடும் அஞ்சல் தொடர்வண்டியைப் பற்றியது. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் சக்கரங்களின் ஓசைக்கு ஒத்த தாளத்தில் அதற்குப் பாட்டெழுதினார். பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார்.

எனினும், பொதுநிதிக்கும் விளம்பரப் பணத்துக்கும் எல்லை உண்டு என்பதை முதலில் உணர்ந்தவருள் அதே ஆடனும் ஒருவர். அரசுத் துறைகளும் பெருந்தொழில் நிறுவனங்களும் தொழிலாளர் வாழ்வின் முழு உண்மையைக் காட்டும் படத்துக்குப் பணம் தருமா என்னும் ஐயத்தை அவ்வாண்டிலேயே எழுத்தில் வெளிப்படுத்தி, விரைவில் அப்பிரிவிலிருந்து விலகினார்.

அவ்வையம் பொருளற்றதன்று. பேசில் ரைட் இயக்கிய சாங் ஆஃப் சிலோன் (1934) இதற்குச் சான்று. இலங்கைத் தேயிலையின் விளம்பரத்துக்காக அளிக்கப்பட்ட பொருளைக் கொண்டு எடுக்கப்பட்ட படம் அது. விளம்பர நோக்கத்தைக் கடந்து, மலைக்குச் செல்லும் அடியார்களையும் சிற்றூர் வாழ்வையும் நடனத்தையும் அது பாடலைப்போல் அடுக்கிக் காட்டியது. கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை இலங்கைக் கலைஞர் லயனல் வெண்ட் தம் குரலில் வாசித்தார். 1935-இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் படம் முதற்பரிசு பெற்றது. ஆயினும், தேயிலை மலைகளில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்களுடைய கூலியும் குடியிருப்பும் எத்தகையன என்பதைப் படம் வினவவில்லை. புரவலரின் பொருள் எதனைக் காட்டியது என்பதோடு எதனைக் காட்டாது விட்டது என்பதும் எண்ணத்தக்கது.

எல்டனும் ஆன்ஸ்டியும் எடுத்த ஹவுசிங் பிராப்ளம்ஸ் (1935) எரிவாயு நிறுவனங்களின் பணத்தில் உருவானது. சேரிவாழ் மக்கள் தம் வீட்டின் ஒழுகலையும் எலித்தொல்லையையும் தாமே திரையில் எடுத்துரைத்தனர். அவர்களைக் கூச்சமின்றிப் பேசவைத்தவர் ரூபி கிரியர்சன். வாயு அடுப்பு விற்கும் நோக்கம் பின்னணியில் இருப்பினும், ஏழையின் குரல் முதன்முறையாக நேரே ஒலித்தது.

கனடாவில் ஒரு வாரியம்

1937-இல் கிரியர்சன் அஞ்சல் துறையை விட்டு விலகினார். தனித்தியங்கும் ஆவணப்படக் குழுக்களுக்கு ஆலோசனை கூறவும் பொருளுதவி தேடித்தரவும் ஃபிலிம் சென்டர் என்னும் அமைப்பை 1938-இல் நண்பர்களுடன் தொடங்கினார். அவ்வாண்டிலேயே கனடா அரசு தன் திரைப்படப் பணிகளை ஆராய அவரை அழைத்தது. கனடா 1936-இல் பொதுத்துறை வானொலியை நிறுவியிருந்தது. ஆனால் திரையரங்குகளில் பெரும்பாலும் ஹாலிவுட் படங்களே ஓடின. கிரியர்சனின் அறிக்கையின் பயனாக 1939-ஆம் ஆண்டு மே மாதம் தேசியத் திரைப்படச் சட்டம் நிறைவேறியது. அக்டோபரில் அவரே முதல் ஆணையரானார்.

உலகப்போர்க் காலத்தில் வாரியம் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. 1945-இல் 700-க்கும் மேற்பட்டோர் அங்குப் பணியாற்றினர். ஸ்டூவர்ட் லெக் உருவாக்கிய சர்ச்சில்ஸ் ஐலண்ட் (1941) ஆவணப்படத்துக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்கார் விருதைப் பெற்றது. அசைவூட்டக் கலைஞர் நார்மன் மெக்லாரனை 1941-இல் கிரியர்சன் அங்கு வரவழைத்தார். இவை அனைத்தினும் குறிப்பிடத்தக்கது 1942-இல் தொடங்கிய ஊர்சுற்றும் திரையீட்டுத் திட்டம். மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்குத் திரையீட்டாளர்கள் கருவியையும் மின்னாக்கியையும் சுமந்து சென்றனர். பள்ளிகளிலும் மாதாகோயில் கூடங்களிலும் படம் காட்டி, அதன்பின் மக்களைக் கலந்துரையாடச் செய்தனர். படத்தை எடுத்தால் மட்டும் போதாது, பார்ப்போரிடம் அதைக் கொண்டுசேர்க்கவும் வேண்டும் என்னும் அறிவு அதிற் புலனாகிறது.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. ரூபி கிரியர்சன் கனடாவுக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலேயக் குழந்தைகளைப் படம்பிடிக்கும் பணியில் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்னும் கப்பலில் பயணம் செய்தார். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது அவரும் உயிரிழந்தார்.

குறைகளையும் மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. போர்க்காலத்தில் பல பெண்கள் வாரியத்தில் இயக்குநராயினர். எனினும் ஜேன் மார்ஷ் என்னும் திறமிக்க இயக்குநருக்கு ஒரு படவரிசையின் முழுப்பொறுப்பைத் தரக் கிரியர்சன் இசையவில்லை, அவர் விலகினார். ஜப்பானிய வழித்தோன்றல்களாகிய கனடியரை அரசு வலிந்து குடிபெயர்த்தது. அக்கொடுமையை நல்வாழ்வுபோற் காட்டும் படமொன்றை வாரியம் 1945-இல் வெளியிட்டது. பால்கன் நாடுகளைப் பற்றிய மற்றொரு படம், வெளியுறவுக் கொள்கைக்கு ஒவ்வாதெனப் போரின் இறுதிக் கட்டத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆளுங்கட்சி எதுவாயினும் அதற்கு ஓரங்குலம் இடப்புறமாக நிற்பதே தம் வழி எனக் கிரியர்சன் கருதியவர். அந்த ஓரங்குலத்துக்கும் சில வேளைகளில் இடம் கிடைக்கவில்லை.

ஐயத்தின் நிழல்

1945-இல் போர் முடிந்ததும் கிரியர்சன் பதவி விலகி, நியூயார்க்கில் தனிநிறுவனம் நடத்தத் திட்டமிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒட்டாவாவிலிருந்த சோவியத்துத் தூதரக ஊழியர் ஈகோர் கூசென்கோ உளவு ஆவணங்களுடன் வெளியேறினார். அவற்றில் குறிக்கப்பட்ட ஒரு பெண் சிறிதுகாலம் கிரியர்சனிடம் செயலாளராயிருந்தவர். 1946-இல் விசாரணை ஆணையம் கிரியர்சனை அழைத்து வினவியது. அவர்மீது குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆயினும் ஐயமே தண்டனையாயிற்று. அமெரிக்காவில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பை இழந்தார். நியூயார்க் முயற்சி முறிந்தது.

அவர் உருவாக்கிய வாரியத்தின் மீதும் அந்நிழல் படர்ந்தது. 1949-50-இல் ஊழியர் சிலர் நீக்கப்பட்டனர். அப்போதைய ஆணையர் ராஸ் மெக்லீனும் பதவியிழந்தார். ஆனால் அந்நெருக்கடியின் முடிவில் 1950-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், வாரியத்துக்கு அமைச்சர்களிடமிருந்து முன்னினும் கூடுதலான விலகலை அளித்தது. 1952-இல் மெக்லாரன் நெய்பர்ஸ் என்னும் படத்தின் வழியே போரின் மடமையைச் சாடினார். கொரியப் போரில் கனடிய வீரர்கள் பங்கேற்றிருந்த நாளில், அரசுப் பணத்திலேயே அப்படம் உருவாயிற்று.

இறுதிக் காலம்

கிரியர்சன் 1947-இல் யுனெஸ்கோவிலும், 1948 முதல் பிரித்தானியச் செய்தித் துறையிலும் பொறுப்பேற்றார். பின்னர், பிரித்தானிய அரசின் திரைப்பட நிதிக்கழக ஆதரவில் இளம் இயக்குநர்களுக்குக் குறைந்த செலவில் கதைப்படம் எடுக்க வாய்ப்பளித்த குரூப் 3 என்னும் நிறுவனத்தின் பொறுப்பாளருள் ஒருவரானார். ஸ்காட்லாந்துச் சுரங்க விபத்தைத் தழுவிய தி பிரேவ் டோண்ட் கிரை (1952) அங்கு உருவானது. ஆனால் படங்களைத் திரையிடப் போதிய அரங்குகள் கிட்டாமல் 1955-இல் அம்முயற்சி நின்றது. கனடாவில் சிற்றூர்தோறும் பார்வையாளரைத் தேடிச் சென்றவர்க்கு நேர்ந்த இத்தோல்வி, பொருளுதவி மட்டும் போதாது என்பதை மீண்டும் உணர்த்திற்று.

1957 முதல் ஸ்காட்லாந்துத் தொலைக்காட்சியில் உலகின் சிறந்த ஆவணப்படங்களை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியை நடத்தினார். முதுமையில் மாண்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குப் பாடம் சொன்னார். 1971-இல் சில மாதங்கள் இந்தியாவில் தங்கி, குடும்ப நலத்துக்கான படப் பணிகளில் ஆலோசனை வழங்கினார். 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் இங்கிலாந்தின் பாத் நகரில் காலமானார்.

பொதுநிதி அவருக்குப் படைக்கும் வாய்ப்பைத் தந்தது. அதே பொதுநிதியின் காவலர்களே அவரை ஐயுற்று ஒதுக்கினர். அதனால் அவருடைய கொள்கை பொய்த்துவிடவில்லை. அதற்கு ஒரு காப்பு தேவை என்பதே தெளிவாயிற்று. பெருஞ்சித்திரனார் கேட்டது தம் தகுதியைக் கண்டு தரும் பரிசிலை. கண்டு தந்தபின் கையை விலக்கிக்கொள்ளவும் வேண்டும் என்பது கனடா 1950-இல் கற்ற பாடம். கிரியர்சன் தொடங்கிய வாரியம் இன்றும் படங்களை உருவாக்கி வருகிறது. அவற்றுள் அரசுக்கு உவப்பில்லாதனவும் உண்டு. அவர் எழுப்பிய அமைப்பு அவரினும் நீண்ட ஆயுள் பெற்றதற்கும் அவரினும் விடுதலையாய் நடப்பதற்கும் காரணம், புரவலர்க்கும் கலைஞர்க்கும் நடுவே எழுந்த அந்தச் சட்டமே ஆகும்.