காசுகளில் நாட்டின் கதை கண்டவர்: சர் வால்டர் எலியட்

கொங்கு நாட்டில் உழவர் ஏர் பூட்டி உழும்போது கொழுமுனையில் பழங்காசு தட்டுப்படுவது புதுமையன்று. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் உருவம் பொறித்தவை. கரூர் அமராவதி ஆற்று மணலும் இத்தகைய காசுகளைத் தலைமுறை தலைமுறையாக நமக்கு ஈந்து வந்துள்ளது. ஆயினும், கிடைத்தவற்றுள் அறிஞர் கைக்கு வந்தவை சில. பொற்கொல்லர் உலையில் உருகி மறைந்தவை பல. தாலியாகவும் தோடாகவும் உருமாறிய அந்தப் பொன்னோடு, எத்தனை அரசர்களின் பெயர்கள் அழிந்தன என்பதை இனி எவராலும் கணக்கிட இயலாது.

அவ்வாறு அழிந்து கொண்டிருந்த காசுகளைத் தேடித் திரட்டி, அவற்றைக் கொண்டு தென்னாட்டு வரலாற்றை எழுத முனைந்த முன்னோடிகளுள் ஒருவர் சர் வால்டர் எலியட். அவர் பெயர் கேட்டவுடன் அமராவதிச் சிற்பங்களை நினைப்போர் உளர். விலங்கியலாரும் அவரை அறிவர். ஆனால் அவருடைய அரசுப் பணி நம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கிற்று என்பதைத் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் அறிந்தோர் சிலரே. இம்மலரில் அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

வால்டர் எலியட் 1803ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் தென்னெல்லையில் உள்ள உல்ஃபலீ என்னும் ஊர் அவருடைய குடும்பத்தின் பூர்வீக இடம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்களைப் பயிற்றுவதற்கென நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் கற்று, 1821ஆம் ஆண்டு சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. அக்காலத்தில் புதிதாக வரும் இளைஞர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் நாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்ந்த பின்னரே மாவட்டங்களுக்கு அனுப்பப்படுவர். எலியட் அங்குத் தமிழும் இந்துஸ்தானியும் பயின்றார். 1823ஆம் ஆண்டில் சேலம் ஆட்சியரின் உதவியாளராக நியமனம் பெற்றார்.

சேலம் நாடு அப்போது கம்பெனியின் ஆட்சிக்குள் வந்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. திப்பு சுல்தானோடு 1792இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கைமாறிய இந்நிலப்பகுதியில் கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி விதித்திருந்தனர். வரி செலுத்த வரும் குடியானவன் மடியை அவிழ்த்தால் பலவகைக் காசுகள் உதிரும் காலம் அது. வராகன் என்றும் பணம் என்றும் காசு என்றும் வழங்கிய நாணயங்களுள், விசயநகர வேந்தர் காலத்து முத்திரைகளும் மைசூர் அரசின் முத்திரைகளும் கம்பெனியின் முத்திரைகளும் கலந்து புழங்கின. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது கம்பெனியின் கணக்கு. ஒவ்வொரு சந்தையிலும் காசின் மாற்று அறிந்து வட்டம் பிடிக்கும் நாணயமாற்றுச் செட்டிகள் இருந்தனர்.

ஆனால் அந்தப் பன்மை முடிவுக்கு வந்து கொண்டிருந்தது. 1818ஆம் ஆண்டு கம்பெனி வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் முதன்மை நாணயமாக்கியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என மாற்று விகிதமும் வகுக்கப்பட்டது. 1835இல் கம்பெனியின் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. செலாவணியிழந்த பொன்வராகனுக்குப் பொன் என்ற மதிப்பு மட்டுமே எஞ்சியது. ஆகவே அவை உலைக்குச் சென்றன. இதே நிலை பிற நாடுகளிலும் நேர்ந்ததுண்டு. ஜெர்மனி 1871இல் ஒரே நாடாக இணையும்வரை அங்கிருந்த சிற்றரசுகளும் கோமான்களும் தன்னாட்சி நகரங்களும் தத்தம் பொன், வெள்ளிக் காசுகளை வார்த்து வந்தன. 1873இல் மார்க் என்னும் பொது நாணயம் சட்டமானபின் பழைய தாலர்கள் படிப்படியாக வழக்கொழிந்தன. எனினும் அங்கே அரசர்களின் அரண்மனைகளில் நூற்றாண்டுக் கணக்காக நாணயப் பேழைகள் காக்கப்பட்டு வந்தமையால், சின்னஞ்சிறு சிற்றரசின் காசும் பிழைத்தது. நம் நாட்டில் அத்தகைய பேழைகள் இல்லை. பிழைத்தவை பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்து கிடந்தவையே.

சேலத்தில் எலியட் நெடுங்காலம் தங்கவில்லை. விரைவில் தென் மராட்டியப் பகுதிக்கு மாற்றப்பெற்றார். அங்குச் சென்ற முதல் ஆண்டிலேயே அவர் உயிருக்கு ஊறு நேரவிருந்தது. கித்தூர் சிற்றரசின் தலைவர் மக்கட்பேறின்றி 1824இல் மறைந்தபோது, அவர் செய்த தத்தெடுப்பைக் கம்பெனி ஏற்க மறுத்தது. அரசி சென்னம்மா அதற்குப் பணியவில்லை. அக்டோபர் 23ஆம் நாள் நடந்த போரில் கம்பெனியின் முகவர் தாக்கரே கொல்லப்பட்டார். அவருடைய உதவியாளர்களான எலியட்டும் ஸ்டீவன்சனும் சிறைப்பட்டனர். பல வாரங்கள் கோட்டைக்குள் கைதிகளாக இருந்து, டிசம்பர் தொடக்கத்தில் தீங்கேதுமின்றி விடுவிக்கப்பெற்றனர். அவர்கள் விடுதலையான சில நாட்களுக்குள் கம்பெனிப் படை கித்தூரை வென்றது, அரசி சிறைப்பட்டார். தன்னைக் கொல்லாது விடுத்த அரசின் அழிவை அந்த இருபத்தோரு வயது இளைஞர் கண்ணெதிரே கண்டார்.

அதன்பின் அப்பகுதியிலேயே 1833 வரை பணியாற்றிய காலத்தில், எலியட்டின் நாட்டம் பழம்பொருள்களில் நிலைபெற்றது. ஊர் ஊராகச் சென்று கோயில்களில் உள்ள கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். 595 கல்வெட்டுகளின் படிகள் இவ்வாறு திரண்டன. சாளுக்கியர், கடம்பர், யாதவர் முதலிய அரச மரபுகளின் வரிசை ஓரளவேனும் தெளிவுற்றது இப்படிகளின் துணையால்தான். கல்வெட்டு அரசனின் பெயரையும் ஆண்டையும் கூறும். காசு அவனுடைய இலச்சினையையும் செல்வ நிலையையும் வாணிகத்தின் வீச்சையும் காட்டும். இரண்டும் ஒன்றற்கொன்று சான்றாக நிற்க வேண்டும் என்பதை எலியட் உணர்ந்திருந்தார். வேறொருவர் வெறும் அழகுப் பொருளாகக் கண்டு பெட்டியில் வைத்திருக்கக்கூடிய காசை அவர் ஆவணமாகக் கண்டார்.

விடுப்பில் தாயகம் சென்று, 1837இல் சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராகத் திரும்பி வந்தார். 1845இல் குண்டூர்ப் பகுதியின் வறுமை நிலையை ஆராய அனுப்பப்பட்டு, பின்னர் வட சர்க்கார் மாவட்டங்களின் ஆணையராக 1854 வரை விளங்கினார். அக்காலத்தில்தான் கிருட்டிணை ஆற்றங்கரையில் அமராவதித் தூபியை அகழ்ந்து, பளிங்குச் சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். ஆந்திரக் கடற்கரையில் கிடைத்த ஈயக் காசுகளைச் சேர்த்தார். அவற்றுள் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறித்தவை, சாதவாகனர் காலத்துக் கடல் வாணிகத்தின் சான்றுகளாக இன்றும் போற்றப்படுகின்றன. இக்காசுகளைப் பற்றிய கட்டுரைகளைச் சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் 1857, 1858ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

அவருடைய ஆர்வம் காசுகளோடு நின்றுவிடவில்லை. தாவரங்களின் தெலுங்குப் பெயர்களைத் திரட்டி 1859இல் நூல் செய்தார். சார்லஸ் டார்வின் வேண்டிக்கொண்டபடி புறாக்கள், கோழிகள் ஆகியவற்றின் தோல்களைச் சேர்த்து அவருக்கு அனுப்பி உதவினார். மர மூஞ்சூறு எனப்படும் சிறு விலங்கொன்று இன்றும் அறிவியலில் எலியட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் சேர்வராயன் மலையிலும் அது வாழ்கிறது.

1854 முதல் ஆளுநரின் ஆலோசனைக் குழு உறுப்பினராக இருந்து, 1860இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அவரோடு நாணயங்களும் சென்றன. அமராவதிச் சிற்பங்களும் ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனுக்குக் கப்பலேறின. 1866இல் அவருக்கு நைட் பட்டமும், 1878இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பாண்மையும் கிடைத்தன. ஆனால் பட்டங்களோடு முதுமையும் வந்தது, கண்ணொளி குன்றிற்று. காசு ஆராய்ச்சி முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய தொழில். தேய்ந்த எழுத்தின் ஒரு கோட்டைக் கொண்டு அரசனை அடையாளம் காண வேண்டும். அவ்வாறிருந்தும் அவர் வேலையை நிறுத்தவில்லை. பிறர் கண்களையும் கைகளையும் துணைக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த அறிவைத் தென்னிந்திய நாணயங்கள் என்னும் நூலாக்கினார். அது 1886இல் இலண்டனில் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்து மூன்று.

பல்லவர், சாளுக்கியர், சோழர், பாண்டியர், சேரர் எனத் தென்னாட்டு மரபுகள் ஒவ்வொன்றின் காசுகளையும் வரைபடங்களுடன் ஒழுங்குபடுத்திய முதல் பெருநூல்களுள் அது ஒன்று. அதன் முடிபுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவதில்லை. யானை பொறித்த பொன்வராகன்களை அவர் காலத்தார் கொங்கு நாட்டோடும் சேரரோடும் தொடர்புபடுத்தினர். பின்வந்த ஆய்வாளர்களோ அவற்றைத் தலைக்காட்டுக் கங்கர்க்கு உரியனவாகக் கொள்கின்றனர். ஆயினும், மறுப்பவரும் அவர் வெளியிட்ட படத்தை வைத்துக்கொண்டுதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு உத்தம சோழனின் பொற்காசே தக்க சான்று. இராசராசனுக்கு முன் ஆண்ட அம்மன்னனின் பெயர் பொறித்த பொற்காசொன்றை எலியட் தம் நூலில் வரைந்து காட்டினார். சோழ மன்னனின் பெயரோடு கிடைத்த மிகப் பழைய பொற்காசாக அது எண்ணப்பட்டது. பின்னாளில் சோழர் வரலாற்றை எழுதியோர் அந்தக் காசை நேரில் காண இயலாது, அவர் தந்த வரைபடத்தையே ஆதாரமாகக் கொள்ள நேர்ந்தது. காசு மறைந்தது, அதன் கோட்டுருவம் மட்டும் நின்றது. அந்த ஒரு படமும் இல்லாதிருந்தால், ஓர் அரசனின் பொன்னாணயம் இருந்ததென்பதே நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

எலியட்டின் தென்னிந்திய நாணயத் தொகுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. நம் நாட்டுச் செல்வத்தை அயலார் அள்ளிச் சென்றனர் என்று நெஞ்சு வருந்துவது இயல்பு; அவ்வருத்தம் நேர்மையானதும் ஆகும். கித்தூரின் முடியைப் பறித்த ஆட்சியின் அலுவலராகத்தான் அவர் நம் மண்ணில் நடமாடினார். அவர் கைக்குக் காசுகள் வந்து சேர்வதற்கு அவருடைய பதவியும் ஒரு காரணம். இதை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று. அதே வேளையில், அன்று அவர் சேர்க்காத காசுகளின் கதியையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை நம் அருங்காட்சியகங்களிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. அவற்றை உருக்கியவர் அயலாரல்லர், நாமே. வருத்தத்தோடு சேர்த்து இந்த வெட்கத்தையும் சுமப்பதே நடுவுநிலை.

புதையல் பற்றிய சட்டம் 1878ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கண்டெடுத்தவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அவருக்குரிய பங்கு உண்டு என்றும் அது கூறுகிறது. இருப்பினும், பொருள் பறிபோகும் என்னும் அச்சத்தாலும் வழக்குக்கு அஞ்சியும் காசுகள் இரகசியமாகக் கைமாறுகின்றன. எந்த ஊரில், எந்த நிலத்தில், எவ்வகைக் கலத்தில், எத்தனை காசுகளோடு கிடைத்தது என்னும் செய்தி அறுந்துபோனால், காசு எஞ்சினாலும் அதன் வரலாறு பாதியாகிவிடும். உலை காசை அழிக்கிறது. மௌனம் அதன் பொருளை அழிக்கிறது.

எலியட்டின் இறுதி நாள் தமிழர் நினைவில் நிற்கத் தக்கது. 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் காலையில், உல்ஃபலீ இல்லத்தில் அவர் ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே ஒப்பமிட்டார். அது தமிழறிஞர் ஜி. யு. போப்புக்கு எழுதப்பட்டது. போப்பின் திருக்குறட் பதிப்பைப் பற்றிய செய்தியை அறிந்து மகிழ்ந்ததை அதில் தெரிவித்திருந்தார். அன்று மாலையே அவர் ஆவி பிரிந்தது. பதினெட்டு வயதில் சென்னையில் கற்கத் தொடங்கிய மொழி, எண்பத்து நான்காம் வயதில், பார்வை மங்கிய நிலையிலும் அவர் எண்ணத்தில் இருந்தது.

செங்கோட்டு மலையைச் சுற்றியுள்ள நிலங்களில் இன்னும் எத்தனையோ காசுகள் உறங்குகின்றன. நாளை ஒரு மழைக்குப்பின் அவற்றுள் ஒன்று ஒரு சிறுவனின் காலில் தட்டுப்படலாம். அதைத் தட்டான் பட்டறைக்குக் கொண்டு செல்லாமல், ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமோ வட்டாட்சியரிடமோ காட்டி, கிடைத்த இடத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றுமாயின், அயல்நாட்டிலிருந்து ஒருவர் வந்து நம் காசுகளைப் படித்துக் காட்ட வேண்டிய தேவை இராது. அவர் செய்த பணிக்கு நாம் செலுத்தக்கூடிய தக்க நன்றியும் அதுவே.