டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்ற இளைஞர் ஒருவர், பின்னாளில் எண்ணற்ற குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்துக்கு வழிகோலினார். அவரே டாக்டர் சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ஆம் நாள் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் பூண்டார். அதனால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். உடன்பிறந்தாரை ஸ்புரூ என்னும் குடல்நோய் கொண்டுபோன துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

கடல் கடந்து பாஸ்டன் நகரடைந்து, மருத்துவமனையில் இரவுப் பணியாளாய் உழைத்தவாறே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். உடலின் ஆற்றலுக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இல் பிஸ்க்குடன் சேர்ந்து விளக்கினார். 1940-இல் லெடர்லே ஆய்வகம் சேர்ந்தார். நாம் உண்ணும் கீரையிலும் உள்ள ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் 1945-இல் செயற்கையாய் ஆக்கினர். ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று.

ஆனால் ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கோ அச்சத்து நோயை வளர்ப்பதாக டாக்டர் ஃபார்பர் கண்டார். அங்ஙனமாயின் அச்சத்தைத் தடுப்பதே மருந்தன்றோ? சுப்பாராவ் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமுடைய அமினோப்டெரினையும், அடுத்து மெத்தோட்ரெக்ஸேட்டையும் ஆக்கி அளித்தனர்.

இவை வேலை செய்யும் விதத்தைப் பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியே ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குப் பயன்படும் வடிவாக்குகிறது. பிளாட்பாரத்தில் வேறொரு வண்டி நின்றுவிட்டால், வரவேண்டிய வண்டி வெளியிலேயே காத்து நிற்பதை நாம் அறிவோம். அவ்வாறே மருந்து அந்நொதியில் இடம்பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ. ஆக்கப் பொருளின்றி, விரைந்து பெருகும் புற்றுச்செல் மடியும். முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும், விரைந்து வளரும் நற்செல்களும் உடன் வாடுவதாலேயாம்.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் தேறினர். அத்தேற்றம் தற்காலிகமே; எனினும் அதுவரை இருண்டிருந்த வழியில் விளக்கு ஏற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். மெத்தோட்ரெக்ஸேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்கப்படுகிறது.

1995-இல் அவர் நூற்றாண்டுக்கு நம் நாடு அஞ்சல்தலை வெளியிட்டது. நம் காலனியில் தேர்வில் தவறிய பிள்ளைகள் உளராயின், அவர்களைக் கடிந்துரைக்கும்முன் இப்பெரியாரின் வரலாற்றை எடுத்துரைப்போமாக.