விளக்கு மட்டுமல்ல, கணக்கும்!



பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 'கைவிளக்கேந்திய காரிகை' என்ற பெயர்தான். நானும் அதை மட்டும்தான் படித்திருந்தேன். எனக்கு நர்ஸ் ஆகணும்னு ஆசை. ஆனா கணக்குன்னா பயம். நர்ஸ் வேலைக்கு அன்பும் பொறுமையும் போதும், கணக்கு எதுக்குன்னு நினைச்சேன். இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இவர் 1820 மே 12-ல் இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கும் வைத்துவிட்டார்கள்! இங்கிலாந்தைச் சேர்ந்த பணக்காரக் குடும்பம். அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு என்றால் இவருக்கு உயிர். நோயாளிகளுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்றதும் வீட்டில் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் அது கௌரவமான வேலை இல்லையாம். ஆனாலும் விடவில்லை. 1851-ல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்.

1854-ல் கிரிமியப் போர் நடந்தது. 38 பெண்களோடு துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்து ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரே அழுக்கு, எலி, பேன். படுக்கை இல்லை, நல்ல சாப்பாடு இல்லை. இவர் துணி துவைக்க ஏற்பாடு செய்தார், நல்ல உணவு கொடுக்க வைத்தார். ராத்திரியில் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தார்.

ஆனா ஒரு விஷயம் தெரியுமா? இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை! 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் இங்கிலாந்து அரசு ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பியது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. அதைக் கழுவி விட்டார்கள், குடிதண்ணீரைச் சுத்தம் செய்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் 100-க்கு 2 பேர் என்று குறைந்துவிட்டது.

1856-ல் ஊர் திரும்பியதும் எல்லாரும் இவரைத் தெய்வம் மாதிரிப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இவரோ வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து, செத்தவர்கள் கணக்கை எடுத்தார். 1855 ஜனவரியில் மட்டும் போருக்குப் போன படையில் 3,168 பேர் இறந்திருந்தார்கள். அதில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர்தான்! 2,761 பேர் காலரா, பேதி, காய்ச்சல் போன்ற தொற்றுநோயால் இறந்தவர்கள். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கணக்கு மோசமாக இருந்தும் அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நமக்கு மார்க் குறைந்தால் அதை வீட்டில் காட்டவே எவ்வளவு தயங்குகிறோம்!

வெறும் எண்ணாகக் கொடுத்தால் பெரிய அதிகாரிகள் படிக்க மாட்டார்கள் என்று 1858-ல் படமாகவே போட்டார். நாம் கணக்கில் வட்ட விளக்கப்படம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. 12 மாதத்துக்கு 12 துண்டு. சாவு அதிகமான மாதத்தின் துண்டு வெளியே நீண்டிருக்கும். தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. படம் முழுக்க நீலம்தான் அடைத்துக்கொண்டு நிற்கும்! கிருமி பற்றி அப்போது டாக்டர்களுக்கே தெளிவாகத் தெரியாது. ஆனாலும் சுத்தம்தான் உயிரைக் காக்கும் என்று கணக்கு காட்டிக் கொடுத்தது.

இங்கிலாந்துப் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் இவர்தான். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் செவிலியர் பள்ளி தொடங்கினார். உடம்பு முடியாமல் பல வருஷம் படுக்கையில் இருந்தபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். இவர் பிறந்த மே 12-ஐத்தான் உலகச் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா காய்ச்சல் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று சார்ட்டில் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வருகிறது. அன்பு இருந்தால் மட்டும் போதாது, நாம் செய்வது பலன் தருகிறதா என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டும். அதனால் இனிமேல் நான் கணக்கு நோட்டைப் பார்த்துப் பயப்பட மாட்டேன். நீங்களும் பயப்படாதீங்க!