ராமானுஜன் கோட்டை விட்ட எண்

மலருக்கு எழுதச் சொன்னதும் டவுன்ஷிப் பஸ்ஸைத் துரத்தி ஓடிய கதையைத்தான் எழுத நினைத்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதுவீங்க. அதனால் ராமானுஜன்.

கணக்கு பி.எஸ்சி. படித்த நான் இரண்டாம் ஆண்டில் ஆங்கிலத்தில் அரியர் வைத்தவன். வட்டம் முழுக்க விஷயம் தெரிந்துபோய், அப்பா ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கவே கூசும். அப்போது லைப்ரரியில் அகப்பட்டது அவருடைய வாழ்க்கை வரலாறு.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அங்கே அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டை விட்டார், ஸ்காலர்ஷிப் போயிற்று. (எனக்கு எவ்வளவு ஆறுதல் பாருங்க!) சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றும் 1907-ல் எஃப்.ஏ. தேறவில்லை.

1910-ல் நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டு அவர் போய் நின்ற இடம் திருக்கோவிலூர், நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டம்தான். கேட்டது தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா வேலை. டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு இந்தப் பையனை ரெவின்யூ ஃபைல்களுக்குள் புதைக்க மனம் வரவில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இரக்கப்பட்டு வேலை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம். 1913-ல் ஹார்டிக்குக் கடிதம். 1914-ல் கேம்பிரிட்ஜ்.

அங்கே 1915-ல் வெளியான பெரிய கட்டுரை, காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள்; அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துகிற எண்களை வரிசையாகப் பட்டியல் போட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடி என்று வையுங்க. காரணிகள் மட்டும் 10,080! கால்குலேட்டர் இல்லாத காலம், வெளியே உலகப் போர்.

எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். 1918-ல் எஃப்.ஆர்.எஸ். மறு வருஷம் உடம்பு கெட்டுத் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயசு 32.

அந்தப் பட்டியலில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. இது எனக்குத் தெரிந்தது ரொம்ப வருஷம் கழித்து. ஒரு கான்டீன் பில்லின் பின்பக்கம் அதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன். வந்தது, அவர் பட்டியலின் கடைசி எண்ணேதான்! பக்கத்திலேயே வந்துவிட்டு எப்படித் தப்பவிட்டாரோ. முதலாண்டுத் தம்பி தங்கைகள் கால்குலேட்டரை ஓரமா வச்சுட்டு ஒருமுறை பெருக்கிப் பாருங்க. பூஜ்யத்தை விட்டுடாதீங்க.