டாக்டர் பட்டம் இல்லாத நோபல் அம்மையார்

பி.எச்டி. முடிக்காமலே நோபல் பரிசு வாங்கியவர் ஒருவர் உண்டு. கெர்ட்ரூட் எலியன். 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில், பாசமான தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர். 1937-ல் பட்டம் வாங்கியும், பெண் என்பதால் ஆய்வகங்கள் கதவைத் திறக்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே எம்.எஸ்சி. முடித்தார்.

1944-ல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். மாலை நேரத்தில் பி.எச்டி. படிப்பு. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரச் சொன்னார்கள்; அம்மையார் படிப்பை விட்டார்!

செல் பெருக டி.என்.ஏ. வேண்டும். அதன் மூலப்பொருள் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்து காரியத்தைக் கெடுக்கும் போலிச் சரக்குதான் அவர் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின். 1953-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில மாதங்களே தாங்கிய ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஆயுள் நீண்டது. பிற மருந்துகளும் சேர்ந்தபின் பெரும்பாலோர் குணமானார்கள். 1988-ல் நோபல்.

1999 பிப்ரவரியில் எலியன் காலமானார். அதே ஜூலையில் மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் ஆய்வு வெளிவந்தது. இம்மருந்தைச் செயலிழக்க வைக்கும் டி.பி.எம்.டி. என்ற நொதி, ஐரோப்பிய வம்சாவளியில் பத்தில் ஒருவருக்குப் பரம்பரையாகவே குறைவு. சுமார் 300-ல் ஒருவருக்கு அறவே கிடையாது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து உடம்பில் தேங்கிவிடும். தீவிர மருந்தோடு தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தபோது, லுக்கீமியா போன பின் மூளைக்கட்டி வரும் ஆபத்து அவர்களுக்குக் கூடியிருந்தது.

இன்று பல மருத்துவமனைகளில் மரபணுவைப் பார்த்துத்தான் அளவு எழுதுகிறார்கள். தலைக்குக் கதிர்வீச்சையும் கூடியவரை தவிர்க்கிறார்கள்.