மக்கள் மொழியில் மனம் வைத்த அண்டிரிக் அடிகளார்

பொதிகையில் பிறந்து, நெல்லைச் சீமையைச் செழிக்கச் செய்யும் தாமிரபரணி அன்னை கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். 1986-ஆம் ஆண்டு வரை நம் நெல்லை மாவட்டத்தில் இருந்த அவ்வூரில், பிறர்பால் காட்டும் பரிவுக்கு இலக்கணமாய் வாழ்ந்தவரே அண்டிரிக் அடிகளார்.

போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520-ஆம் ஆண்டு பிறந்தார். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்பது இவரது இயற்பெயர். துறவு வாழ்வை நாடிப் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் யூத மரபினர் என்ற காரணத்தால் அங்கே நிலைத்திருக்க இடமில்லாமற் போயிற்று. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்படுவது எத்துணை வேதனை! ஆயினும் அவர் மனம் கசந்து போகவில்லை. 1545-இல் இயேசு சபையில் சேர்ந்து, மறு ஆண்டே இந்தியா வந்தார்.

புனித சவேரியார் 1542 முதல் உழைத்த முத்துக்குளித்துறையை அடிகளார் 1547-இல் அடைந்தார். அந்நாளில் அயல்நாட்டுக் குருக்கள் பலரும் துபாஷியின் துணையோடுதான் மக்களிடம் பேசினர். நெஞ்சில் உள்ள துயரத்தையும் பாவசங்கீர்த்தனத்தையும் மூன்றாம் மனிதர் வழியாகச் சொல்வது எவ்வாறு? இதை உணர்ந்த அடிகளார் இரவும் பகலும் தமிழ் பயின்றார். சில மாதங்களிலேயே துபாஷியின்றிப் பேசலானார். உடன் உழைத்த குருக்களும் தம்முள் தமிழிலேயே பேச வேண்டும் என்றும், தவறினால் தண்டனை என்றும் விதி வகுத்துக்கொண்டனர்!

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையையும் ஏற்படுத்தினார். பின்னர், முத்துக்குளித்துறை மக்களின் பொருளுதவியோடு, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. பதினாறே பக்கங்கள்! 1586-இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. மீனவரும் முத்துக்குளிப்போரும் பேசிய பேச்சு இவருடைய நூல்களில் இடம் பெற்றது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உழைத்து, 1600-இல் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்புத் தோழியரே! பரிவு என்பது கைப்பொருளைக் கொடுப்பது மட்டுமன்று. எதிரே நிற்பவரின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்பதே அதன் முதற்படி. கடற்கரை ஊரிலிருந்து நம் விடுதிக்குப் புதிதாக வரும் சிறுமி தன் ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்ல, வகுப்பே நகைத்தால், அவள் அன்றோடு வாய்மூடிப் போவாள். கடல் கடந்து வந்த ஒருவர் மாணவனாய் அமர்ந்து கற்ற பேச்சல்லவா அது! நம் நாட்டு மொழிகளுள் அச்சுக்கலை முதன்முதல் வணங்கிய மொழியல்லவா அது!

ஆகவே, அடுத்த பெஞ்சில் அமர்ந்திருப்பவள் பேசி முடிக்கும் வரை பொறுமையோடு கேட்போம். புரியாத சொல்லுக்கு நகைக்காமல் பொருள் கேட்போம். அடிகளாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகும்.